மீனுக்கும் நாற்றங்கால் வேண்டும்
அணை கட்டிய வட நாட்டு ஆறுகள் சொல்லும் பாடம்

நாற்றங்காலைச் சரியாகத் தயார் செய்யாமல் விதை தெளிக்கும் விவசாயி கிடையாது. விதை எவ்வளவு தரமானதாக இருந்தாலும், மண் இறுகிக் கிடந்தால் முளை மூச்சுத் திணறிப் போகும் என்பதை அனுபவத்தில் அறிந்தவர்கள் நாம்.

ஆற்று மீனுக்கும் இந்த விதி பொருந்தும். ஆற்றின் அடித்தரைதான் மீனின் நாற்றங்கால். பாறை, கூழாங்கல், மணல், வண்டல், தண்ணீரில் விழுந்து கிடக்கும் மரம் ஆகிய ஒவ்வொன்றையும் நாடி ஒவ்வொரு வகை மீன் வருகிறது. அங்கே முட்டையிடுகிறது, ஒளிகிறது, இரை தேடுகிறது. தரை பல விதமாக இருந்தால் மீனும் பல விதமாக இருக்கும். தரை ஒரே சீராகிவிட்டால், தண்ணீர் எவ்வளவு தெளிவாக ஓடினாலும் மீன் வகை குறைந்துவிடும்.

இந்தப் பாடத்தை மிகுந்த செலவு செய்து கற்றுக்கொண்ட நாடு சுவீடன். ஐரோப்பாவின் வடக்கே உள்ள அந்த நாட்டில் அடுத்தடுத்து ஓடும் இரண்டு ஆறுகளின் கதை, ஆற்றங்கரையில் நிலம் வைத்திருக்கும் எவருக்கும் பயன்படக்கூடியது.

அடுத்தடுத்து ஓடும் இரு ஆறுகள்

வட சுவீடனில் நார்வே எல்லையை ஒட்டிய மலைகளிலிருந்து ஊமே, விண்டல் என்ற இரண்டு ஆறுகள் இறங்குகின்றன. இரண்டும் சுமார் 450 கி.மீ. நீளம் உள்ளவை. தென்கிழக்கு நோக்கி ஏறக்குறைய இணையாக ஓடி, வென்னெஸ்பி என்ற ஊரில் ஒன்று சேர்கின்றன. பிறகு ஊமியோ நகரைக் கடந்து பாத்னியா வளைகுடாவில் கலக்கின்றன. ஆண்டில் ஐந்தாறு மாதங்கள் பனிக்கட்டி மூடிக் கிடக்கும் ஆறுகள் இவை.

ஊமே ஆற்றில், பெரும்பாலும் 1950, 1960களில், மலையடிவாரத்திலிருந்து கடற்கரை வரை வரிசையாக அணைகள் கட்டப்பட்டன. இன்று அந்த ஆற்றில் பதினைந்துக்கும் மேற்பட்ட நீர்மின் நிலையங்கள் உள்ளன. சுவீடனின் மின்சாரத்தில் சுமார் 40 சதவீதம் தண்ணீரிலிருந்து கிடைக்கிறது. அதில் பெரும்பகுதி இத்தகைய வடக்கு ஆறுகள் தருவது. ஆகவே அணை கட்டியவர்களை வெறுமனே குறை சொல்லிவிட முடியாது.

விண்டல் ஆற்றிலும் அணை கட்டத் திட்டம் இருந்தது. மக்களிடமிருந்து கடும் எதிர்ப்பு எழுந்தது. 1970இல் ஓலாஃப் பால்மே தலைமையிலான அரசு அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. 1993இல் விண்டல் உட்பட நான்கு ஆறுகள் தேசிய ஆறுகளாக அறிவிக்கப்பட்டு, நீர்மின் திட்டங்களிலிருந்து பாதுகாப்புப் பெற்றன.

இவ்வாறு பக்கத்துப் பக்கத்தில் ஓர் ஆறு கட்டப்பட்டது. மற்றோர் ஆறு கட்டப்படாமல் விடப்பட்டது. ஒரே மழை, ஒரே குளிர், ஒரே காடு. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க விஞ்ஞானிகளுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. ஊமியோ பல்கலைக்கழகமும் சுவீடன் வேளாண் பல்கலைக்கழகமும் பல ஆண்டுகளாக இங்கே ஆராய்ச்சி செய்து வருகின்றன.

மீனுக்கு மீன் தரை வேறு

நம்மைப் போன்ற வெப்ப நாட்டு ஆறுகளில் உள்ள அளவுக்கு மீன் வகைகள் வட நாட்டு ஆறுகளில் கிடையாது. இருப்பதே சொற்பம். ஆகவே ஒரு வகை அழிந்தாலும் இழப்பு பெரிது.

சால்மன், டிரவுட் ஆகிய இரண்டும் வேகமாக ஓடும் நீரின் அடியில் உள்ள கூழாங்கல்லில் இலையுதிர் காலத்தில் முட்டையிடும். கிரேலிங் என்ற மீனும் கூழாங்கல்லைத்தான் தேடும்; ஆனால் பனிக்கட்டி உருகிய பின் வசந்தத்தில் முட்டையிடும். புல்ஹெட் என்ற பெருந்தலைச் சிறுமீன் கல்லின் அடிப்பக்கத்தில் முட்டைகளை ஒட்டவைக்கும். ஆண் மீன் அந்தக் கல்லடியிலேயே இருந்து காவல் காக்கும். கல் மண்ணில் புதைந்து அடியில் இடைவெளி இல்லாமல் போனால் இந்த மீனுக்கு வீடே இல்லை.

பைக் என்ற கொன்று தின்னி மீனுக்குக் கல் வேண்டியதில்லை. வசந்த வெள்ளம் ஏறும் கரையோரப் புல்லில் அது முட்டையிடும். பர்பாட் என்ற மீன் நடுக்குளிர்காலத்தில் பனிக்கட்டியின் அடியில் முட்டைகளை அப்படியே தரையில் சிதற விடும். விலாங்கு போலத் தோன்றும் லாம்ப்ரே கூழாங்கல்லில் முட்டையிடும். ஆனால் அதன் குஞ்சுகள் கரையோர வண்டலில் புதைந்து பல ஆண்டுகள் வளரும்.

ஆக, ஒரே ஆற்றில் பாறையும் வேண்டும், கூழாங்கல்லும் வேண்டும், மணலும் வண்டலும் புல்கரையும் வேண்டும். எது எங்கே இருக்க வேண்டும் என்பதை ஆற்றின் ஓட்டமே பிரித்து வைக்கிறது. வேகம் மிகுந்த இடத்தில் பெருங்கல் தங்கும். வேகம் தணியும் இடத்தில் கூழாங்கல் படியும். பாறையின் பின்புறம் மணலும், கரையோரத் தேக்கத்தில் வண்டலும் சேரும். காற்றில் தூற்றும்போது நெல்லும் பதரும் தனித்தனியே விழுவதைப் போன்றது இது.

கல்லுக்கடியில் ஒரு குளிர்காலம்

சால்மன் மீனை எடுத்துக்கொண்டால் தரையின் அருமை நன்கு விளங்கும். பால்டிக் கடலில் வளர்ந்த இந்த மீன், தான் பிறந்த ஆற்றைத் தேடி வரும். பெண் மீன் பக்கவாட்டில் சாய்ந்து வாலால் கூழாங்கல்லை அடித்துக் குழி பறிக்கும். நெல்லிக்காய் அளவிலிருந்து சிறு மாங்காய் அளவு வரையுள்ள கற்களே அதற்கு ஏற்றவை. குழியில் முட்டையிட்டதும் ஆண் மீன் கருவுறச் செய்யும். பிறகு பெண் மீன் சற்று மேலே போய் மீண்டும் கல்லைக் கிளறும். அந்தக் கல் ஓட்டத்தில் உருண்டு வந்து முட்டைகளை மூடும்.

இவ்வாறு 10 முதல் 30 செ.மீ. ஆழத்தில் புதைந்த முட்டைகள் குளிர்காலம் முழுவதும் அங்கேயே கிடக்கின்றன. வசந்தத்தில் பொரிந்த குஞ்சுகளும் கருவுணவு தீரும் வரை கல்லிடுக்கிலேயே தங்குகின்றன. ஆக, இலையுதிர் காலம் தொடங்கி அடுத்த கோடை பிறக்கும் வரை அவற்றின் உயிர், கற்களுக்கிடையே புகுந்து ஓடும் நீரையே நம்பியிருக்கிறது. அந்த நீர்தான் பிராணவாயுவைக் கொண்டு வருகிறது, கழிவை அகற்றுகிறது. இடுக்குகளில் நுண்மணலும் சேறும் அடைத்துக்கொண்டால் நீரோட்டம் நின்று முட்டை அழுகிவிடும். தண்ணீர் தேங்கி இறுகிய நாற்றங்காலில் விதை அழுகுவதும் இதுவும் ஒன்றே.

வெளியே வந்த குஞ்சுக்கு வேறு தரை தேவை. ஒவ்வொரு குஞ்சும் ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு, அதைச் சுற்றிய இடத்தைத் தன் எல்லையாக வைத்துக் காக்கும். கற்கள் அதிகமானால் ஒன்றையொன்று பார்க்க முடியாமல் அதிகக் குஞ்சுகள் அடுத்தடுத்து வாழ முடியும். வட சுவீடனில் இவை பொதுவாக மூன்று நான்கு ஆண்டுகள் ஆற்றிலேயே வளர்ந்த பிறகுதான் கடலுக்குப் போகின்றன. அத்தனை குளிர்காலங்களிலும் கல்லிடுக்குதான் அவற்றுக்குப் போர்வை.

இந்த மீன்களை நம்பி இன்னோர் உயிரும் இருக்கிறது. நன்னீர் முத்துச் சிப்பியின் இளம் உயிர்கள் டிரவுட், சால்மன் ஆகியவற்றின் செவுள்களில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் வளரும். பின்பு உதிர்ந்து, கூழாங்கல்லில் புதைந்து சில ஆண்டுகள் வாழும். இந்தச் சிப்பி நூறாண்டுக்கு மேலும் உயிர்வாழக்கூடியது. சேறு அடைத்த ஓடைகளில் கிழச் சிப்பிகள் மட்டுமே மிஞ்சி, குஞ்சே இல்லாமல் இருப்பதைக் காண்கிறார்கள். வெளிப்பார்வைக்குச் சிப்பி இருக்கிறது. உண்மையில் அந்தக் குடும்பம் முடிந்துவிட்டது.

அணை வந்தால் தரைக்கு என்ன ஆகிறது?

அணை மீனின் வழியை மறிக்கிறது என்பது யாவருக்கும் தெரியும். தரைக்கு அது செய்வது அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை. அவற்றை நான்காகச் சொல்லலாம்.

முதலாவது, வீழ்ச்சியும் வேக ஓட்டமும் உள்ள இடங்களே மின்சாரம் எடுக்க ஏற்றவை. கூழாங்கல் உள்ள இடங்களும் அவையே. அணை நீர் ஏறியதும் அந்த இடங்கள் ஆழ்ந்த, அசைவற்ற நீரில் மூழ்கிவிடுகின்றன. நுண்மண் மெல்லப் படிந்து கல்லை மூடுகிறது. வேக ஓட்டத்து மீன்கள் போய், பைக், பெர்ச் போன்ற தேக்க நீர் மீன்கள் அந்த இடத்தைப் பிடிக்கின்றன.

இரண்டாவது, மேலிருந்து ஆண்டுதோறும் வெள்ளத்தில் உருண்டு வரும் கல்லும் மணலும் அணையில் நின்றுவிடுகின்றன. அணைக்குக் கீழே ஓடும் நீர் தன் தரையில் உள்ள சிறு கற்களை அரித்துக்கொண்டு போகிறது. ஈடு செய்யப் புதுக்கல் வருவதில்லை. நாளடைவில் மீன் வாலால் அசைக்க முடியாத பெருங்கற்கள் மட்டும் தளம் பாவியதைப் போல மிஞ்சுகின்றன. விளைச்சலை எடுத்துக்கொண்டே போய், எரு போடாமல் விட்ட நிலத்தின் கதிதான் இது.

மூன்றாவது, வெள்ளத்தின் காலம் மாறிவிடுகிறது. இயற்கையில் இந்த ஆறுகள் குளிர்காலத்தில் வற்றி, பனி உருகும் காலத்தில் பெருக்கெடுக்கும். அந்தப் பெருக்குதான் கூழாங்கல்லைக் கிளறிச் சேற்றைக் கழுவும். கரைப் புல்லில் பைக் முட்டையிட இடம் தரும். மின்சாரத் தேவையோ குளிர்காலத்தில்தான் அதிகம். ஆகவே வசந்த நீரைத் தேக்கி வைத்துக் குளிர்காலத்தில் திறக்கிறார்கள். ஆற்றுக்கு ஆண்டுக்கொரு முறை நடந்த உழவு நின்று போகிறது.

நான்காவது, மின்சாரத் தேவைக்கேற்ப ஒரே நாளில் நீர்மட்டம் ஏறி இறங்குகிறது. மட்டம் திடீரென இறங்கும்போது கரையோரக் கல்லிடுக்கில் இருந்த குஞ்சுகள் நீரின்றி மாட்டிக்கொள்கின்றன. அங்கே இடப்பட்ட முட்டைகள் காய்ந்தும் உறைந்தும் போகின்றன.

அணை இல்லாத ஆற்றிலும் அதே குறை

அணை தப்பிய விண்டல் ஆற்றில் எல்லாம் நலமாக இருந்திருக்க வேண்டும் அல்லவா? அப்படி இல்லை என்பதே இந்தக் கதையின் முக்கியமான பகுதி.

வட சுவீடனின் சிறு விவசாயிகள் வெறும் உழவை நம்பி வாழ்ந்ததில்லை. குறுகிய கோடையில் பார்லியும் உருளைக்கிழங்கும் விளைவித்து, மாட்டுக்கு வைக்கோல் சேர்ப்பார்கள். குளிர்காலத்தில் காட்டில் மரம் வெட்டும் கூலி வேலை. வெட்டிய மரங்களை வசந்த வெள்ளத்தில் மிதக்க விட்டுக் கடற்கரை மர ஆலைகளுக்கு அனுப்புவார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து இந்தத் தொழில் பெருகியது.

மிதந்து வரும் மரம் பாறையில் சிக்கினால் பின்னால் வருவதெல்லாம் குவிந்துவிடும். ஆகவே பெரும்பாறைகளை வெடி வைத்துத் தகர்த்தார்கள். மற்ற கற்களை முதலில் கையாலும், பின்னாளில் புல்டோசராலும் கரையோரம் ஒதுக்கினார்கள். கிளைக் கால்வாய்களைக் கல்சுவர் வைத்து அடைத்தார்கள். வளைந்து நெளிந்து ஓடிய ஓடைகள் வாய்க்கால் போல நேராகி, ஆழமாகி, வழவழப்பாகிவிட்டன. லாரிப் போக்குவரத்து வந்த பிறகு, 1976இல் விண்டல் ஆற்றில் மரம் மிதக்கவிடுவது நின்றது. தொழில் நின்றது, மொட்டைத் தரை அப்படியே இருந்தது.

மொட்டைத் தரையில் இன்னொரு நட்டமும் உண்டு. இலையுதிர் காலத்தில் ஆற்றில் விழும் இலைதழை, கற்களில் சிக்கித் தங்கினால்தான் மக்கும். அதைத் தின்று பூச்சிகள் பெருகும். பூச்சிகளைத் தின்று மீன் வளரும். தடையில்லாத ஓட்டத்தில் இலையெல்லாம் அடித்துக்கொண்டு போகிறது. மக்கு இல்லாத நிலத்தில் மண்புழு இல்லை. இலை தங்காத ஓடையில் மீனுக்கு இரை இல்லை.

கல்லைத் திரும்பப் போடும் வேலை

ஒதுக்கிய கல்லை மீண்டும் ஆற்றில் போடும் வேலை பின்னர் தொடங்கியது. மண்வாரி இயந்திரத்தை ஓடையில் இறக்கி, கரையில் குவிந்திருந்த கற்களை நீரில் பரப்பினார்கள். அடைத்த கிளைகளைத் திறந்தார்கள். ஆனால் ஒரு சிக்கல் வந்தது. பெரும்பாறைகள் வெடியில் சுக்குநூறாகிவிட்டன; திருப்பிப் போட அவை இல்லை. கூழாங்கல்லும் பல இடங்களில் அடித்துச் செல்லப்பட்டிருந்தது.

ஆகவே 2010 முதல் 2015 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதி உதவியோடு விண்டலின் கிளையோடைகளில் நடந்த திட்டத்தில், சில மாதிரி இடங்களுக்கு வெளியிலிருந்து பெரும்பாறைகளைக் கொண்டுவந்து போட்டார்கள். முட்டையிடும் திட்டுகளாகக் கூழாங்கல்லைப் பரப்பினார்கள். மரங்களை வேரோடு சாய்த்து நீரில் கிடத்தினார்கள். முன்பு எந்த மரக்கட்டை தடை என்று அகற்றப்பட்டதோ, அதே மரக்கட்டையைக் கூலி கொடுத்து மீண்டும் போட வேண்டி வந்தது.

பலன் உடனே கிடைத்துவிடவில்லை. நீரின் வேகமும் ஆழமும் இடத்துக்கு இடம் மாறத் தொடங்கின, இலைதழை தங்குகிறது. கரைச் செடிகளும் மீனும் பழைய நிலைக்கு வருவதற்கோ பல ஆண்டுகள் பிடிக்கும் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். உவர்ந்த நிலத்தைச் சீர்திருத்தியவர்களுக்கு இந்தப் பொறுமை புதிதல்ல.

சுவீடனில் ஆற்று மீன்பிடி உரிமை பொதுவாகக் கரை நிலத்தின் உடைமையாளர்களுக்கு உரியது. அவர்கள் சேர்ந்து சங்கம் அமைத்து, அனுமதிச் சீட்டு விற்று, ஓடைகளைப் பராமரிக்கிறார்கள். ஆகவே இந்த வேலையில் உள்ளூர் விவசாயிகளுக்கும் பங்கு உண்டு.

ஏணி மட்டும் போதுமா?

விண்டல் ஆற்று மீனுக்கு இன்னொரு சோதனையும் இருக்கிறது. இரு ஆறுகளும் சேர்ந்த இடத்துக்குக் கீழே, 1958இல் செயல்படத் தொடங்கிய ஸ்டோர்நோர்போர்ஸ் மின்நிலையம் உள்ளது. சுமார் 600 மெகாவாட் திறன் கொண்ட இது, சுவீடனின் மிகப் பெரிய நீர்மின் நிலையங்களுள் ஒன்று. கடலிலிருந்து வரும் சால்மன் இதைக் கடந்துதான் விண்டலுக்குப் போக முடியும்.

மின்நிலையத்து நீர் நீண்ட சுரங்கம் வழியே வெளியேறுகிறது. பழைய ஆற்றுத் தடத்தில் மிகக் குறைந்த நீரே விடப்படுகிறது. மீனின் இயல்பு வலுவான ஓட்டத்தை எதிர்த்துப் போவது. ஆகவே அது சுரங்க வாயருகே போய் நின்று காலம் கடத்துகிறது. சால்மன்களுக்கு அடையாளமும் வானொலிக் கருவியும் பொருத்தி வேளாண் பல்கலைக்கழகத்தார் 1990களிலிருந்து ஆராய்ந்தார்கள். ஆற்றில் நுழைந்தவற்றுள் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு போலத்தான் அணையைக் கடந்தன என்று கண்டார்கள். 2010இல் சுமார் 300 மீட்டர் நீளமுள்ள புதிய மீன் ஏணி திறக்கப்பட்டது. அணைக்கு ஈடாக ஆண்டுதோறும் பொரிப்பகத்தில் வளர்த்த குஞ்சுகளும் ஆற்றில் விடப்படுகின்றன.

ஏணி வேண்டியதுதான். ஆனால் ஏணி ஏறி வந்த மீனுக்கு மேலே கூழாங்கல் இருக்க வேண்டும். கூழாங்கல் இருந்தும் ஏணி இல்லையேல் பயனில்லை. இரண்டும் இருந்தாலும், குஞ்சு கடலுக்குத் திரும்பும்போது விசையாழியில் சிக்காமல் போக வழி வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் சங்கிலி இல்லை.

தரை ஒன்றே எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்வதும் சரியல்ல. பால்டிக் கடலில் அளவு மீறிய மீன்பிடி ஒரு காலத்தில் சால்மனை மிகவும் குறைத்தது. வைட்டமின் பி1 பற்றாக்குறையால் சில ஆண்டுகளில் குஞ்சுகள் பெருமளவில் இறந்தன. அண்மை ஆண்டுகளில் விண்டலுக்கு வரும் சால்மன்களிடம் தோல் நோயும் காணப்பட்டது. ஆனால் இவையெல்லாம் ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கக்கூடியவை. கெட்டுப்போன தரை தானாகத் திரும்புவதில்லை. நல்ல ஆண்டு ஒன்று வரும்போது அதைப் பயன்படுத்திக்கொள்ள நாற்றங்கால் தயாராக இருக்க வேண்டும்.

நாம் மனத்தில் கொள்ள வேண்டியவை

ஓர் ஆற்றின் நலத்தைப் பார்க்க விரும்புகிறவர், எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று பார்ப்பதோடு நிற்கக் கூடாது. குனிந்து ஒரு கல்லைப் புரட்டிப் பார்க்க வேண்டும். கல் எளிதாகப் பெயர்ந்து, அடியில் பூச்சிகள் நெளிந்தால் தரை உயிரோடு இருக்கிறது. கல் சேற்றில் இறுகி, அடியில் கறுத்து நாற்றமடித்தால் அங்கே முட்டை பிழைக்காது.

கரையோர மரத்தை நிற்க விடுவதும், உழவு மண் ஓடையில் கரைந்து போகாமல் கரையில் புல்பட்டை விடுவதும், வளைந்து ஓடும் ஓடையைக் காரணமின்றி நேராக்காமல் இருப்பதும் செலவில்லாத காரியங்கள். கெட்ட பிறகு சீர்செய்வதுதான் செலவு.

சுவீடனில் ஒரு பாறையைத் தகர்க்க ஒரு வெடி போதுமானதாக இருந்தது. அந்த இடத்தில் வேறொரு பாறையை வைக்க லாரியும் இயந்திரமும் ஐரோப்பிய ஒன்றிய நிதியும் தேவைப்பட்டன. அதன் அடியில் மீன் மீண்டும் குடியேறியதா என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.